சிம்ரனின் நான்கு பற்கள்

சுருளிப்பட்டி,
17.11.2002

அன்பு மகள் ஜோதிலட்சுமிக்கு அப்பா அம்மாவாசி எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை விஜய்பாண்டியும் மஸ்கட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க சுருளி வேலப்பர் துணை நிற்கட்டும். இங்கே நானும் உன் அம்மாவும் நலம். குழந்தை சிம்ரனும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், இன்றைய தேதிக்கு அது சரிதான். ஆனால் நலமாவதற்கு முன்னால் சில காரியங்கள் நடந்திருக்கின்றன. அதில் பாதிதான் உன் காதுக்கு வந்தது, வந்த பாதியும் தப்பாக வந்தது. அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். இதைப் போனில் சொல்ல முடியாது. நமக்கு இன்னும் இணைப்பு கிடைக்கவில்லை, பக்கத்து வீட்டு மாயக்காள் போனில்தான் பேச வேண்டியிருக்கிறது. நான் பேசப் போனால் அவர்கள் வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். அது மரியாதைக்காக இல்லை.

முதலில் மற்ற செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். திராட்சைக்குக் கவாத்து முடிந்து கொடி தளிர்த்திருக்கிறது. மழை சுமார்தான். தீபாவளிக்கு நீ அனுப்பிய சேலையை அம்மா கட்டிக்கொண்டாள். முழங்காலுக்கு அனுப்பிய தைலத்தையும் தேய்க்கிறாள், வலி போகவில்லை, வாசனை நன்றாக இருக்கிறது என்கிறாள். போன மூன்று வெள்ளிக்கிழமையும் நீ கூப்பிட்டபோது அவள் பேச வரவில்லை, ஏன் என்று நீ கேட்டாய், காது அடைத்திருக்கிறது என்று நான் சொன்னேன். அது பொய். அவள் காது நன்றாக இருக்கிறது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை நீ பேசியதை அந்தக் காதால் ஒரு சொல் விடாமல் கேட்டாள், அதனால்தான் வரவில்லை.

அன்றைக்குச் சிம்ரன்தான் முதலில் போனை வாங்கினாள். "அம்மா, எனக்கு நாலு பல்லு பிடிங்கியாச்சு" என்று அவளே உன்னிடம் சொல்லிவிட்டாள். நாங்கள் பக்குவமாகச் சொல்லலாம் என்று காலையிலிருந்து பேசி வைத்திருந்ததெல்லாம் வீணாகிவிட்டது. நீ அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாய். நீ நர்ஸ், மேல்வரிசை முன்பல் நாலு என்றதுமே உனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. "நான் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டு வந்தேன், அப்புறமும் பால் பாட்டில எதுக்கும்மா குடுத்தீக. பிள்ளைக்கு நாலு வயசு ஆகல, அதுக்குள்ள பல்லப் பிடுங்குற வரைக்கும் என்ன பாத்துக்கிட்டு இருந்தீக. உங்கள நம்பித்தான விட்டுட்டு வந்தேன்" என்றாய். நீ சொன்னது எனக்கும் கேட்டது, மாயக்காளுக்கும் கேட்டது. உன் அம்மா "ஆமாத்தா, என் தப்புத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரிசீவரை மெதுவாக வைத்தாள். மாயக்காளிடம் வாரேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து மாவாட்டினாள். காலையில் ஆட்டிய மாவே சட்டி நிறைய இருந்தது. அதன்பிறகு மூன்று நாள் மூன்று வேளையும் இட்லிதான் சாப்பிட்டோம். அவள் போனில் பேசும்போது நான் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றிருந்தேன். ரிசீவரை வாங்கி ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை இங்கே எழுதுகிறேன். பாட்டில் கொடுத்தது உன் அம்மா இல்லை, நான்.

நீ கிளம்பும்போது சிம்ரனுக்கு ஒரு வயதும் நாலு மாதமும். ஒரு தாளில் வரிசையாக எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனாய். பாட்டிலை நிறுத்தி டம்ளருக்கு மாற்ற வேண்டும், பாலில் சீனி போடக் கூடாது, பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கவிடக் கூடாது என்று அதில் இருந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஒரு தடவை கேட்டதோடு மனப்பாடம் செய்துகொண்டாள். வாசித்தவன் மறந்துவிட்டேன். கொஞ்சம் தாமதமானாலும் குழந்தைக்கு இரண்டரை வயது நடக்கும்போது அவள் பாட்டிலை நிறுத்திவிட்டாள். பழைய பிளாஸ்டிக்குக்கு வெங்காயம் கொடுக்கிறவர் தெருவில் வந்தபோது அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு கை வெங்காயம் வாங்கினாள். குழந்தை இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் டம்ளரில் குடித்தாள். அத்தோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டியது. நாலாம் நாள் கூடலூரில் அம்மாவின் சின்னம்மா இறந்துபோய், அம்மா துட்டிக்குப் போனாள். இரண்டு நாள் வரவில்லை. நானும் குழந்தையும் மட்டும் வீட்டில்.

மத்தியானம் தூக்கம் வரும் நேரத்தில் அழ ஆரம்பித்தாள். நான் வாய்க்காலைக் காட்டினேன், ஆட்டைக் காட்டினேன், கம்பம் போகிற பஸ்ஸைக் காட்டினேன். பஸ் போனதும் திரும்ப அழுதாள். பொதுப்பணித்துறையில் லஸ்கராக முப்பத்தோரு வருடம் மதகுக் கதவை ஏற்றி இறக்கியவன் நான், தண்ணீர் கூடிப்போனால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு பிள்ளை இரண்டு மணி நேரம் விடாமல் அழுதால் என்ன செய்வது என்று தெரியாது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக் கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கினேன். பாலை ஊற்றிக் கொடுத்தேன், தள்ளிவிட்டாள். இரண்டு கரண்டி சீனி போட்டேன். ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள். அன்றைக்கு எனக்கு என் மேல் பெரிய மதிப்பு வந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அம்மா திரும்பி வந்தபோது பாட்டிலைத் தோட்டத்து மோட்டார் ரூமில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால், ஒரு மஞ்சள் பையில் சுற்றி வைத்தேன். மத்தியானம் அம்மா கொடி கட்டப் போகும்போது நான் குழந்தையை மோட்டார் ரூமில் படுக்கவைப்பேன். இரவில் குழந்தை என் கட்டிலில்தானே தூங்குகிறாள், அம்மா கண்ணயர்ந்த பிறகு அப்போதும் கொடுத்தேன். தூங்கிய பிறகும் பாட்டிலை எடுக்கமாட்டேன், எடுத்தால் விழித்துக்கொள்வாள் என்று பயம். அது தானாக நழுவி விழும்வரை வாயில் இருக்கும். சில நாள் மலையிலிருந்து வருகிற தேனும் கலந்தேன், தேன் உடம்புக்கு நல்லது என்று நினைத்தேன். இப்படி ஒரு வருடம் இரண்டு மாதம். வீட்டில் சீனி ஏன் இவ்வளவு சீக்கிரம் தீருகிறது என்று அம்மா கேட்டாள், எறும்பு என்று சொன்னேன். அவள் சீனி டப்பாவைச் சுற்றி மஞ்சள்தூளால் கோடு போட்டாள். எறும்பு எப்போதும் வந்ததில்லை, அதனால் கோடு கலையவில்லை. சீனி மட்டும் முன்போலவே குறைந்தது. "இந்த எறும்பு மஞ்சளுக்கும் அசராது போல" என்றாள். நான் ஆமாம் என்றேன்.

போன வருடம் மார்கழி வாக்கில் குழந்தையின் மேல்பல் நாலிலும் ஈறுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. பால் ஒட்டியிருக்கிறது என்று துண்டால் துடைத்தேன், போகவில்லை. பங்குனியில் அந்தக் கோடு காவியாக மாறியது. அம்மா பார்த்துவிட்டு, "பிள்ளைக்குப் பல்லு கறுக்குது, ஆசுபத்திரில காட்டுவமா" என்று கேட்டாள். "பால்பல்லுத்தான, விழுந்து முளைக்கப் போகுது, அதுக்குப் போயி ஆசுபத்திரியா" என்று நான்தான் சொன்னேன். மாயக்காள் சத்து டானிக்கால்தான் கறுக்கிறது என்றாள், டானிக்கை நிறுத்தினோம். இன்னொருவர் தண்ணீரால் என்றார், பெரியாறு அணைத் தண்ணீரை நான் அவரிடம் அரைமணி நேரம் விட்டுக்கொடுக்காமல் பேசினேன். பல் மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் ஓரத்திலிருந்து உதிர்ந்துகொண்டே வந்தது. ஆவணியில் முறுக்கை வேண்டாம் என்றாள். பிறகு தோசையை வேண்டாம் என்றாள். சோற்றை ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு விழுங்கமாட்டாள். பால்வாடி டீச்சர் சந்தனம்மாள் என்னைக் கூப்பிட்டு, "பிள்ள சத்துணவத் தொடவே மாட்டேங்குது, வாயில வாடை வேற வருது, என்னான்னு பாருங்கண்ணே" என்றார். சாப்பிடாத பிள்ளை எதையாவது குடிக்கட்டும் என்று நான் பாலைக் கூட்டினேன். பாலைக் கூட்டியதும் பல் இன்னும் போனது. இது எனக்கு இப்போது தெரிகிறது.

புரட்டாசியில், அம்மாவிடம் சொல்லாமல், கூடலூர்ப் பக்கம் பல்லில் பூச்சி எடுக்கிற ஒருவரிடம் குழந்தையைக் கூட்டிப்போனேன். அவர் ஒரு சட்டியில் நெருப்பு வைத்து, கண்டங்கத்திரி விதையைப் போட்டு, அந்தப் புகையை ஒரு குழல் வழியாகக் குழந்தையின் வாய்க்குள் விட்டார். குழந்தை இருமினாள். கிண்ணத்துத் தண்ணீரில் துப்பச் சொன்னார், வெள்ளையாக ஆறு பூச்சி மிதந்தது. எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு ஏதோ தோன்றி, எனக்கும் கடைவாயில் வலிக்கிறது, பாருங்கள் என்றேன். எனக்கும் புகை விட்டார், நாலு பூச்சி எடுத்தார். நான் ஓய்வு பெற்ற வருடமே இரண்டு வரிசையும் எடுத்துவிட்டுச் செட்டுப் பல் கட்டியிருப்பது உனக்குத் தெரியும். அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து அவரிடம் காட்டினேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை. "இப்பல்லாம் செட்டுப் பல்லுலயும் விழுகுதுண்ணே. மருந்தடிச்ச காய்கறி திங்கிறோம்ல" என்றார். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. பூச்சி இல்லை என்று ஆகிவிட்டது, அப்படியானால் வேறு ஏதோ ஒன்று பிள்ளையின் பல்லைத் தின்கிறது. அது என்ன என்று கேட்கப் போனால் மோட்டார் ரூமில் வந்து நிற்கும் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது. கேட்கவில்லை.

அக்டோபர் பதினைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் குழந்தை எழுந்திருக்கவில்லை. மேலுதடு வீங்கி மூக்கு வரைக்கும் ஏறியிருந்தது, ஒரு கண் பாதி மூடியிருந்தது. உடம்பு கொதித்தது. அழக்கூட இல்லை, முனகினாள். அம்மா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள், அந்த முழங்காலோடு. மலைக்கு ஏலக்காய் எடுக்க ஆள் ஏற்றிக்கொண்டு போன ஜீப்பை நடுரோட்டில் நின்று மறித்தாள். உள்ளே இருந்த பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து இடம் கொடுத்திருக்கிறார்கள். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு பின்னால் போனேன். கம்பத்தில் டாக்டர் ஞானசிகாமணி என்று பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார், மாப்பிள்ளை வயதுதான் இருக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தையை நாற்காலியில் சாய்த்து, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்து முடித்துவிட்டு, பிள்ளைக்குப் பாட்டிலில் பால் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். அம்மா, "இல்ல சார், அத நிறுத்தி வருசம் ஒன்னாச்சு" என்றாள். அவர் திரும்பவும் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டுக் குழந்தையின் கீழுதட்டை விலக்கிக் காட்டினார். "பாருங்கம்மா, கீழ் முன்பல்லு நாலும் முத்து மாதிரி இருக்கு. மேல நாலும் வேரு வரைக்கும் போயிருச்சு, கடைவாய்ல ரெண்டு குழியாயிருச்சு. பாட்டில்ல குடிக்கிறப்ப நாக்கு கீழ்ப்பல்ல மூடிக்கிரும், அதனால அது தப்பிச்சிருது. பால் பூராம் மேல்பல்லுலதான் நிக்கும். தூங்குனதும் எச்சில் ஊறுறது குறைஞ்சிரும், கழுவுறதுக்கு ஆளில்ல. சீனி போட்ட பால்ல ராப்பூராம் பல்லு ஊறுனா இப்படித்தான் ஆகும். வேற எதுலயும் இந்த மாதிரி வராதே" என்றார். அம்மா திரும்பவும், "சத்தியமா இல்ல சார்" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்தேன். அப்போது சிம்ரன், அந்த வீங்கின வாயோடு, நாற்காலியில் படுத்தபடியே, "தாத்தா மோட்டார் ரூம்ல வச்சிருக்காக" என்றாள்.

உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைக் கல்யாணம் செய்து முப்பத்து நாலு வருடம் ஆகிறது, அப்படிப் பார்த்ததில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. சீனி டப்பாவைச் சுற்றிப் போட்ட மஞ்சள் கோட்டை அவள் அந்த நிமிடத்தில் நினைத்திருப்பாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "சரி சார், இப்ப பிள்ளைக்கு என்ன செய்யணுமோ அதச் சொல்லுங்க" என்றாள்.

முதலில் சீழும் வீக்கமும் இறங்க மருந்து கொடுத்தார். அந்த வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டபோது குழந்தை தூங்குகிறாள் என்று சொன்னோம், அதுவும் பொய்தான். இருபத்து நாலாம் தேதி பல்லை எடுத்தார். அம்மாவை அவருக்கு எதிரே உட்காரவைத்து, குழந்தையை அவள் மடியில் படுக்கவைத்தார். என்னைக் காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஊசியைப் பார்த்ததும் குழந்தை "அம்மாச்சி" என்று கத்தினாள், என் கை தானாக விட்டுவிட்டது. டாக்டர் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். செருப்பு கழற்றுகிற இடத்தில் நின்றேன். உள்ளே அம்மா, "இந்தா முடிஞ்சிருச்சு, இந்தா முடிஞ்சிருச்சு, என் ஆத்தால்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தது கேட்டது. முடிய இருபது நிமிடம் ஆனது. வெளியே வந்தபோது குழந்தை வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தாள், எடுத்த பல்லைக் காகிதத்தில் பொட்டலமாகக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். பிரித்துக் காட்டினாள். அவை பல் மாதிரியே இல்லை, ஊறிப்போன கடலைத் தோல் மாதிரி இருந்தன. கடைவாய்ப் பல் இரண்டையும் மறுவாரம் உள்ளே சுத்தம் செய்து அடைத்து, மேலே தொப்பி மாதிரி ஒரு மூடி போட்டிருக்கிறார். பால்பல்தானே, அதற்கு எதற்கு இவ்வளவு என்று நான் கேட்டுவிட்டேன். "கடைவாய்ப் பால்பல்லு பத்துப் பதினொரு வயசு வரைக்கும் வேணும் ஐயா, அதுலதான் திங்கணும், புதுப் பல்லுக்கு இடம் பிடிச்சு வைக்கிறதும் அதுதான்" என்று சொன்னார். முன்பல் ஏழு வயதில்தான் முளைக்குமாம். அதுவரை பேச்சில் கொஞ்சம் காற்று போகும், போனில் கேட்டால் பதறாதே. அவள் பெயரை யாராவது கேட்டால் இப்போது திம்ரன் என்கிறாள்.

அடுத்த நாள்தான் நீ கூப்பிட்டாய். உன் அம்மா ஏன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள் என்று எனக்குப் பத்து நாளாக விளங்கவில்லை. தீபாவளிக்கு மறுநாள் நானே கேட்டேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "அவ அங்கன பிள்ளையவும் விட்டுட்டுக் கிடக்கா. சின்னதுல இருந்து அவளுக்கு அப்பான்னா ஒசத்தி. அந்த அப்பாவே இப்படிச் செஞ்சாருன்னா ஒடஞ்சு போவா. என்னய நாலு நாள் வைவா, அஞ்சாம் நாள் அம்மான்னு வருவா, எனக்கென்ன" என்றாள். ஒரு கொத்தை உருவி முடித்துவிட்டு, "நீங்க சொல்லுவீகன்னுதான் பாத்தேன்" என்றாள்.  ஐந்தாம் நாள் எப்போதோ போய்விட்டது ஆத்தா, நீங்கள் இரண்டு பேரும் பேசிப் போன வெள்ளிக்கிழமையோடு இருபத்தொரு நாள் ஆகிவிட்டது. அதுவும் உன் தப்பில்லை, நான் வாய் திறக்காததால்தான்.

இப்போது நிலவரம் இதுதான். பாட்டிலை நானே கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். அவள் ரப்பரைக் கத்தரித்துவிட்டு அதைக் குப்பையில் போட்டாள், இந்தத் தடவை வெங்காயம் வாங்கவில்லை. பால் டம்ளரில், சீனி இல்லாமல், சாப்பாட்டோடு. அதற்கப்புறம் படுக்கும்வரை தண்ணீர் மட்டும். காலையும் இரவும் பல் தேய்த்துவிடுவது என் வேலை என்று அம்மா தீர்மானித்துவிட்டாள். டாக்டர் எனக்கு அதைச் சொல்லித் தந்தார், குழந்தையின் தலையை என் மடியில் வைத்துப் பின்பக்கமிருந்து தேய்க்க வேண்டும், பேஸ்ட் ஒரு அரிசி அளவு போதும். முதல் வாரம் என் விரலைக் கடித்தாள். இப்போது கடிப்பதில்லை, ஆனால் தேய்க்கும்போது ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறாள். எனக்குக் கதை தெரியாது, முல்லையாற்று வாய்க்காலில் எந்த மதகுக்கு அப்புறம் எந்த மதகு என்று வரிசையாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்கிறாள். நல்ல பசி வந்திருக்கிறது. தோசை இரண்டு தின்கிறாள், கடைவாயால் அரைத்து. தீபாவளிக்கு ஒரு அதிரசம் தின்றாள், கையோடு தேய்த்துவிட்டேன். எடை அரைக் கிலோ கூடியிருக்கிறது என்று சந்தனம்மாள் டீச்சர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சிரிக்கும்போது கையால் வாயை மூடுகிற பழக்கம் வந்திருந்தது, அதுவும் போய்விட்டது. முன்னால் ஒன்றும் இல்லாமல் முழு வாயையும் திறந்து சிரிக்கிறாள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இதை டாக்டரிடம் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. நான் பாட்டில் வாங்கிய அன்றைக்கு மத்தியானம் குழந்தை பாலுக்கு அழவில்லை. அம்மா வேணும் என்றுதான் அழுதாள். அம்மா என்றால் உன்னை. சுவரில் ஒட்டியிருந்த உன் போட்டோவைக் காட்டிக் காட்டி அழுதாள். பாட்டிலை வாயில் வைத்தால் அந்தச் சொல் வராது. அதற்கப்புறம் எப்போது அம்மா என்று தொடங்கினாலும் பாட்டிலை வைத்துவிடுவேன். ஒரு வருடம் இரண்டு மாதம் இங்கே குழந்தை உன்னைத் தேடவே இல்லை, சமர்த்தாக இருக்கிறாள் என்று போனில் உனக்குச் சொன்னேன், நீயும் நிம்மதியாக இருந்தாய். அவள் தேடினாள். நான் தேடவிடவில்லை.

பாட்டில் போனதும் அந்தப் பேச்சு திரும்ப வந்துவிட்டது. நேற்று இரவு பல் தேய்த்து முடித்ததும் என் மடியிலேயே படுத்துக்கொண்டு, முன்பல்லு எப்ப வரும் தாத்தா என்று கேட்டாள். ஏழு வயசுல வரும் என்றேன். "அம்மா அதுக்கு முன்னாடி வருமா, பின்னாடி வருமா" என்று கேட்டாள். இத்தனை நாள் அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் நான் ஏதாவது ஒரு பதில் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். நேற்று, "தாத்தாவுக்குத் தெரியல, கேட்டு எழுதுறேன்" என்று சொன்னேன். சரி என்று தூங்கிவிட்டாள். அதனால் கேட்டு எழுதுகிறேன். நீ வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை, அவளை அங்கே அழைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். மாப்பிள்ளையோடு உட்கார்ந்து யோசித்து ஒரு மாதத்தின் பெயரைச் சொல். எவ்வளவு தள்ளி இருந்தாலும் பரவாயில்லை, அவளிடம் நிஜமான மாதமாகச் சொல்ல வேண்டும்.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடமும் காட்டு, அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். இது கைக்கு வந்த பிறகு வெள்ளிக்கிழமை கூப்பிடும்போது முதலில் அம்மாவைக் கேள். என்மேல் உள்ள கோபத்தைப் பதில் கடிதத்தில் எழுது, எத்தனை பக்கமானாலும் வாசிப்பேன். வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சு. அம்மாவாசி,
லஸ்கர் (ஓய்வு), பொதுப்பணித்துறை

கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன்.  கடைசியில், வெள்ளிக்கிழமை நீ கூப்பிடுவது அதே பத்து மணிக்குத்தானே என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன்.